சோழகங்கமும் கங்கைகொண்ட சோழபுரமும்

தமிழகத்து ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோயிலில் தொடங்கிக் கோயிலிலேயே முடித்துவிடுகின்றனர். கல்வெட்டுகள் கோயிற் சுவர்களில் இருப்பதால் இஃது இயல்பே. ஆயினும், ஓர் ஊர் ஏன் அவ்விடத்தில் தோன்றியது, எதனால் தழைத்தது, எதனால் தளர்ந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் கோயில் மட்டுமே விடை கூறிவிடாது. ஊரை வாழவைத்த நீர்நிலையையும் கேட்டறிதல் வேண்டும். அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில் அமைந்த கங்கைகொண்ட சோழபுரம் இக்கருத்துக்குத் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரு பேரரசின் தலைநகராக விளங்கிய அவ்வூர் இன்று ஏரிக்கரையை அடுத்த ஒரு சிற்றூர். அங்குக் காண வருவோரும் உண்டு, வாழ்வோரும் உண்டு. காண வருவோர் விண்ணளாவிய விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். வாழ்வோரின் பார்வையோ ஆண்டுதோறும் ஏரியின் நீர்மட்டத்தின் மேல் நிலைக்கிறது. இவ்விரு பார்வைகளும் ஒன்றுசேரும்போதுதான் அவ்வூரின் வரலாறு முழுமை பெறும்.

மேட்டு நிலத்தில் ஒரு தலைநகரம்

முன்னாளில் ஒருங்கிணைந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியாக இருந்த நிலமே இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001இல் அதனின்று அரியலூர் பிரிக்கப்பட்டு, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாக அமைந்தது.

இந்நிலப்பகுதியின் இயல்பை அறிந்தால்தான் சோழர் செயலின் அருமை விளங்கும். கொள்ளிடத்தின் தென்கரை காவிரி பாயும் வளவயல். வடகரையைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் நிலம் உயர்ந்து செம்மண் மேடாகிவிடுகிறது. முந்திரித் தோப்புகளும் மானாவாரிப் புன்செய்களும் மிகுந்த நிலம் அது. காவிரிச் சமவெளி முழுவதையும் தன் ஆட்சியில் கொண்டிருந்த வேந்தன் ஒருவன், தந்தை புகழ்பெறச் செய்த தஞ்சையை விடுத்து, ஆற்றைக் கடந்து இம்மேட்டு நிலத்தில் தலைநகரை அமைத்தான். வடதிசைக்குப் படை செலுத்த வாய்ப்பான இடம் என்றும், கொள்ளிடம் தெற்கே இயற்கை அரணாக அமைந்தது என்றும், விளைநிலத்தை அழிக்காமல் நகர் விரிய இடமிருந்தது என்றும் ஆய்வாளர் பல காரணங்கள் கூறுவர். காரணம் எதுவாயினும், ஒன்று தெளிவு. அம்மேட்டில் மக்கள் பெருந்தொகையினராய் வாழவேண்டுமாயின், நீரை வேறிடத்திலிருந்து கொண்டுவந்தே ஆகவேண்டும்.

புலவர் அறிவுரையும் வேந்தன் செயலும்

நீர்நிலை அமைப்பதை அரசனின் தலையாய கடமையாகக் கருதுவது தமிழ் மரபு. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறும் அறிவுரை இதனை நன்கு காட்டும். மறுமைச் செல்வத்தை விரும்பினும், பிற வேந்தரை வென்று தான் ஒருவனே தலைவனாக விரும்பினும், நிலைத்த புகழை விரும்பினும், அரசன் செய்யத்தக்கது நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குவதே என்பது அப்புலவரின் கருத்து. வெற்றிக்கும் புகழுக்கும் வழி கேட்ட அரசனிடம் வாளைப் பற்றிப் பேசாமல் ஏரியைப் பற்றிப் பேசிய துணிவு வியக்கத்தக்கது.

அப்பாடலுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் முதலாம் இராசேந்திர சோழன் (கி.பி. 1012–1044) வெற்றியையும் ஏரியையும் ஒன்றாகவே இணைத்துவிட்டான். அவன் படை கி.பி. 1023ஐ ஒட்டிய ஆண்டுகளில் கங்கைக் கரை வரை சென்று மீண்டது. 1905இல் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அச்செய்தியை விரித்துரைக்கின்றன. கங்கைக்கரை அரசர்கள் தோற்றபின், அவர்களைக் கொண்டே கங்கை நீரைச் சுமக்கச் செய்து சோழ தண்டநாயகன் கொணர்ந்தான் என்றும், வேந்தன் கோதாவரிக் கரை வரை சென்று அப்படையை எதிர்கொண்டான் என்றும் அச்செப்பேடுகள் கூறுகின்றன. வெற்றியின் நினைவாகக் கல்லில் தூண் நாட்டுவது வேந்தர் வழக்கம். இராசேந்திரனோ தன் நாட்டில் ஒரு பேரேரி அமைத்து, சோழகங்கம் எனப் பெயரிட்டு, அதனைக் கங்கை நீராலாகிய வெற்றித் தூண் எனப் போற்றுமாறு செய்தான்.

இதனை வியக்கும்போதே ஒன்றை எண்ணிப் பார்த்தலும் வேண்டும். செப்பேட்டின் கூற்று வென்றவர் கூற்று. நீர்க்குடம் சுமந்தவர்களின் துயரை அது பாடவில்லை. ஏரிக்கரைக்கு மண் சுமந்த ஆயிரக்கணக்கான உழைப்பாளர்களின் பெயரும் அதில் இல்லை. எனினும், நாட்டிய தூண் ஒருவனுடைய புகழை மட்டுமே தாங்கும். தேக்கிய நீரோ பலருடைய வயலுக்குப் பாயும். குடபுலவியனார் கூறிய அறம் இவ்வளவில் அச்செயலில் நிறைவேறியது எனலாம்.

ஏரியின் அமைப்பு

சோழகங்கத்தின் பழைய அளவை 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளால் அறிகிறோம். அதன் கரை தெற்கு வடக்காக 16 மைல், அதாவது ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளம் கொண்டது. உறுதியான பல மதகுகள் அதில் இருந்தன. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் மேற்பட்ட நீளமுடைய வரத்துக் கால்வாய் ஒன்றும், வடக்கே வெள்ளாற்றிலிருந்து சிறிய கால்வாய் ஒன்றும் அதற்கு நீர் கொணர்ந்தன.

கொள்ளிடமோ நகருக்கு அண்மையில் ஓடுகிறது. அவ்வாறிருக்க 60 மைல் நீளக் கால்வாய் எதற்கு என்னும் ஐயம் எழலாம். நகருக்கு நேர் தெற்கே ஆற்றின் மட்டம் தாழ்ந்தது. ஏரியின் மட்டம் உயர்ந்தது. தாழ்ந்த நீர் மேட்டிற்குத் தானாக ஏறாது. ஆதலின் ஆற்றின் மேற்பகுதியில், நீர்மட்டம் ஏரியைக் காட்டிலும் உயர்ந்திருக்கும் இடம் வரை சென்று, அங்கிருந்து மெல்லிய சரிவில் கால்வாயை நடத்திவருதல் வேண்டும். சரிவு மிகுந்தால் கரை அரிக்கும். குறைந்தால் வண்டல் படிந்து தூர்ந்துவிடும். அத்துணை நீண்ட தொலைவுக்குச் சரிவைத் தவறாது காத்த கணக்கறிவு, விமானத்தை எழுப்பிய சிற்ப அறிவுக்குச் சற்றும் குறைந்ததன்று. விமானம் கண்ணுக்குத் தெரிகிறது. கால்வாயின் கணக்கு மண்ணில் மறைந்துவிட்டது.

இம்முறை முற்றும் மறைந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. காவிரி நீரைக் கொணர்ந்து இம்மேட்டு நிலத்து ஏரிகளை நிரப்பும் புள்ளம்பாடி வாய்க்கால் இன்றும் இதே நெறியில்தான் இயங்குகிறது. அந்நீரால் வாழும் கரைவெட்டி ஏரிக்கு இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. 2024இல் அவ்வேரி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

ஊரும் மக்களும்

சோழகங்கத்தின் கரையில் எழுந்த நகர் எத்தகையது என்பதைக் கல்வெட்டுகளும் ஊர்ப்பெயர்களும் உணர்த்துகின்றன. இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி எனப் பெருந்தெருக்கள் இருந்தன. கூழையானை போன பெருவழி என ஒரு தெரு வழங்கியது. அரசர் பெயரோடு, என்றோ அவ்வழியே நடந்த வால் குறைந்த யானையொன்றின் நினைவையும் மக்கள் தெருவுக்குப் பெயராக்கியிருந்தனர் போலும். மதில் வாயில்களில் ஒன்று, தெற்கேயிருந்த வேம்புகுடியை நோக்கியதால் வேம்புகுடி வாசல் எனப்பட்டது. அரண்மனை சோழகேரளன் திருமாளிகை என வழங்கியது. கருவூர்த்தேவர் திருவிசைப்பாவில் இவ்வூர்க் கோயிலைப் பாடினார். வடமொழிப் புலவர் பில்கணரின் காப்பியத்திலும் இந்நகர் இடம்பெறுகிறது.

அரண்மனை மண்ணுள் மறைந்த பின்னும் பெயர்கள் மறையவில்லை. மாளிகை இருந்த மேடு மாளிகைமேடு. உள்கோட்டை இருந்த இடம் உட்கோட்டை. படைக்கலக் கொட்டிலை நினைவூட்டுவது ஆயுதக்களம். அரசனின் மெய்க்காவலரை நினைவூட்டுவது மெய்க்காவல்புத்தூர். வாணதிரையன்பட்டினம், குருவாலப்பர் கோயில் எனச் சுற்றிலும் உள்ள சிற்றூர்கள் யாவும் பழம்பெருமை பேசுவனவே. இப்பெயர்களை எந்த அரசும் காத்து வைக்கவில்லை. ஏர் உழுதும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த எளிய மக்களின் நாவே அவற்றைக் காத்தது. 1980களிலும் அண்மையில் 2021 முதலும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது, செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. மக்கள் வாயில் வழங்கிவந்த பெயருக்கு மண்ணே சான்று பகர்ந்தது.

கரை உடைந்த கதை

கி.பி. 1279ஐ ஒட்டி மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிவுற்றது. பின்னர் ஏரி எவ்வாறு அழிந்தது? படையெடுத்து வந்த பகைவர் வேண்டுமென்றே கரையை உடைத்தனர் என்பது வழிவழியாக வழங்கிவந்த செய்தி. அது 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பிலும் பதிவாகியுள்ளது.

ஆனால் உடைந்த கரையை மீண்டும் கட்டலாம் அன்றோ? ஏரி என்பது ஒருமுறை வெட்டி முடித்துவிடும் பொருளன்று; ஆண்டுதோறும் பேணப்படவேண்டியது. தூர் எடுத்தல், கரைக்கு மண் அணைத்தல், மதகைச் செப்பனிடுதல், வரத்துக் காலைத் துப்புரவாக்கல் என அப்பணிகள் முடிவற்றவை. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் அறுவர் குழுவை இதற்கெனவே அமைத்த முறையைக் கூறுகின்றன. சிற்றேரியாயின் ஓர் ஊர் மக்கள் கூடிக் காக்கலாம். 16 மைல் கரையையும் 60 மைல் கால்வாயையும் பேணுவதற்குப் பல ஊர்கள் ஒன்றுகூட வேண்டும். அவற்றை ஒன்றுகூட்டும் ஆட்சியும் வேண்டும். அவ்வாட்சி மறைந்தபின் ஒரு சிறு உடைப்பும் பேருடைப்பாகும். ஏரியை உடைத்தது பகைவனாகவே இருக்கலாம். உடைந்தபடியே விட்டது பேணுவோரற்ற காலம் என்பதே பொருத்தமுடையது. நீர் வற்றியது, மக்கள் கலைந்தனர், ஏரியின் உள்வாய் காடாயிற்று. கோயில் மட்டும் காட்டிடையே நின்றது.

கல் சுமந்து சென்ற காலம்

19ஆம் நூற்றாண்டில் இவ்வூருக்கு வேறொரு துன்பம் நேர்ந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே இன்றைய அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். அப்பணிக்குக் கருங்கல் தேவைப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் திருச்சுற்று மதில் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. சிற்ப வேலைப்பாடு அமைந்த கற்கள் பலவும் பெயர்த்தெடுக்கப்பட்டன.

1855இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் குறிப்பு இதனை ஒளிவுமறைவின்றிப் பதிவுசெய்துள்ளது. அவ்வூரின் ஏழை மக்கள் தம்மால் இயன்றவரை இவ்வழிவைத் தடுத்தனர் என்றும், அரசு ஊழியர் அதனைப் பொருட்படுத்தவில்லை என்றும், தடுத்தவர்களே அவமதிப்புக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர் என்றும் அது கூறுகிறது. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை என வருந்துகிறது. அக்குறிப்பு கூறும் மற்றொரு செய்தியும் ஊன்றிக் கருதத்தக்கது. சோழகங்கத்தை மீட்கும் எண்ணம் அரசுக்குப் பலமுறை தோன்றியதாம். ஆனால் பொறியாளர் இல்லாமையால் அது கைகூடவில்லையாம். எஞ்சிய சில குடிமக்கள் பழைய கரையைப் பெருமையோடு சுட்டிக்காட்டி, அக்கால அரசர் செயலோடு தம் காலத்து ஆட்சியாளர் செயலை ஒப்பிட்டு இகழ்ந்தனராம்.

கோயிற் கல்லைப் பெயர்க்கப் பொறியாளர் இருந்தனர்; ஏரிக்கரையைக் கட்டப் பொறியாளர் இல்லை. இம்முரண்பாட்டைக் காட்டினுள் வாழ்ந்த அம்மக்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதே இக்குறிப்பால் பெறப்படுவது. அவர்களுடைய பெயர்கள் கிடைக்கவில்லை. ஆயினும், தம் ஊர்க் கல்லைக் காக்க முன்வந்து தண்டனை பெற்ற அவர்களும் இவ்வூர் வரலாற்றில் இடம்பெறத் தக்கவர்களே.

இரண்டு ஏரிகள்

கீழணையைப் பழித்துவிட்டு அமைதல் நேர்மையாகாது. அவ்வணையால் வாழ்ந்த நிலம் மிகுதி. அங்கிருந்து புறப்படும் வடவாறு, முதலாம் பராந்தகன் காலத்து வீரநாராயண ஏரியாகிய வீராணத்தை நிரப்புகிறது. கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குவது அவ்வேரிக் கரையில்தான். 2004ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகருக்குக் குடிநீர் தருவதும் அவ்வேரியே.

வீராணம், சோழகங்கம் ஆகிய இரண்டும் சோழர் வெட்டியவை. இரண்டும் கொள்ளிடத்து நீரை நம்பியவை. தொலைவிலும் அண்மையில் உள்ளவை. ஒன்று வாழ்ந்தது, மற்றொன்று நலிந்தது. தாழ்நிலத்தில் அமைந்த வீராணத்திற்குக் கீழணை நீர் எளிதிற் பாய்கிறது. மேட்டில் அமைந்த சோழகங்கத்திற்கு அந்நீர் ஏறாது. அதன் பழைய நெடுங்கால்வாய் புதுப்பிக்கப்படவில்லை. இன்று பொன்னேரி என வழங்கும் அவ்வேரி, தன் நீர்ப்பிடிப்பில் பெய்யும் மழையை நம்பியே நிற்கிறது. மழை பெய்த ஆண்டில் அது கடல்போலத் தோன்றும்; பொய்த்த ஆண்டில் அதன் உள்வாயில் கருவேலம் தழைக்கும். தன் கோயிற் கல்லைக் கொடுத்த ஊருக்கு, அக்கல்லால் கட்டிய அணையின் நீர் கிடைக்கவில்லை என்பதை வரலாற்றின் முரண் என்றே கூறவேண்டும்.

காண வருவோரும் வாழ்வோரும்

2004இல் இவ்வூர்க் கோயில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அதன்பின் காண வருவோர் தொகை பெருகியது. ஏறத்தாழ 55 மீட்டர் உயர்ந்து, தஞ்சை விமானத்தைப் போல நிமிராமல் சற்றே வளைந்து குழையும் விமானத்தையும், சண்டேசருக்கு இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தையும், சிங்கமுக வாயிலுடைய கிணற்றையும் அவர்கள் கண்டு மகிழ்கின்றனர். கும்பகோணத்திலிருந்து வருவோர் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தே வருகின்றனர். கோயிலைக் காணுமுன்பே அதன் மதில் எங்கே போயிற்று என்பதற்கான விடையைக் கடந்துவருகிறோம் என்பதை அறிந்தவர் சிலரே.

ஐப்பசி முழுநிலா நாளில் பெருவுடையாரின் பேருருவை முழுதும் அன்னத்தால் மூடும் விழாவிற்கு மக்கள் திரள்கின்றனர். அன்று வந்து குவியும் சோறு நீரின் மறுவடிவம் அன்றோ! அந்நீருக்காக வேந்தன் வெட்டிய ஏரி கோயிலுக்கு அண்மையிலேயே உள்ளது. ஆயினும் ஏரிக்கரை வரை நடந்து செல்வோர் மிகக் குறைவு.

2025 சூலை 27இல் ஆடித் திருவாதிரை விழாவின்போது நாட்டின் தலைமை அமைச்சரே இவ்வூருக்கு வந்தார். அதே திங்களில் சோழகங்கத்தைத் தூர்வாரிச் சீரமைக்கத் தமிழ்நாடு அரசு நிதி ஒதுக்குவதாக அறிவித்தது. வரவேற்கத்தக்க செய்தி இது. 1855இல் கைகூடாது போன எண்ணம், 170 ஆண்டுகள் கடந்து மீண்டும் பேசப்படுகிறது. எனினும் கரையை அழகுபடுத்துவது வேறு. ஏரியை நிரப்புவது வேறு. தூர் எடுத்தபின் வரத்து எங்கிருந்து என்னும் வினாவிற்கு விடை காணுதல் வேண்டும். சோழர் அவ்வினாவிலிருந்தே தொடங்கினர். 60 மைல் தொலைவுக்கு அவர்கள் சென்றது அதனாலேயே.

நிறைவாக

ஏரி ஒன்றைத் தன் வெற்றித் தூணாகக் கொண்ட வேந்தன் பின்வருவோர்க்கு ஒரு கடமையையும் விட்டுச் சென்றான். கல் தூண் பேணாது விடினும் நிற்கும். நீர்த்தூண் பேணினால் மட்டுமே நிற்கும். அதனைப் பேண வேண்டியவர்கள் அரசரும் அல்லர், காண வருவோரும் அல்லர். கரையில் வாழ்வோரும், அவர்களுக்குத் துணை நிற்க வேண்டிய ஆட்சியுமே ஆவர்.

ஊர்ப்பெயர்களைக் காத்தவர்களும், கோயிற் கல்லைக் காக்க முயன்று தண்டிக்கப்பட்டவர்களும், வறண்ட கரையைக் காட்டிப் பழைய பெருமையைப் பேசியவர்களும் அக்கரையில் வாழ்ந்தவர்களே. அவர்கள் வழிவந்தோரின் வயலுக்கு மதகு திறக்கும் ஆண்டுகளே சோழகங்கம் தன் பெயருக்குரிய பொருளோடு விளங்கும் ஆண்டுகளாகும். கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் செல்வோர் விமானத்தைத் தொழுதபின் ஏரிக்கரைக்கும் சென்று வருவாராக. அவ்வூரின் வரலாற்றில் பாதி அங்கேதான் உள்ளது.